கரண்டன்: பழிவாங்க வந்த ஒரு லைன்மனை எப்படி வரைவது?

கேள்வி: திருக்கோவில் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருக்கோவில். இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு அறை எடுத்து இருக்கிறேன். பகலில் அச்சகம் ஒன்றுக்குக் கலியாண அட்டையும் 31ஆம் நாள் நினைவு மலரும் வடிவமைத்துக் கொடுக்கிற வேலை. இரவில் எனக்கென்று ஒரு சித்திரக்கதை வரைகிறேன். 31 பக்கம் முடிந்துவிட்டது. 32ஆம் பக்கத்தில் மூன்று கிழமையாக நிற்கிறேன்.

கதையின் வில்லன் பெயர் கரண்டன். அவன் முன்பு லைன்மன். ஒக்டோபர் மாத மழை இரவொன்றில், மரம் விழுந்து அறுந்த லைனை இழுத்துக் கட்டத் தூணில் ஏறுகிறான். லைன் ஓஃப் என்று கீழே நிற்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையில் ஓஃப்தான். ஆனால் எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஜெனரேட்டரை நேரே வீட்டு வயரிங்கில் கொழுவியிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காமல் வெளியே வந்து, செத்துக் கிடந்த லைனுக்கு உயிர் கொடுத்துவிடுகிறது. அவன் கம்பியைப் பிடிக்கிறான். அந்த நேரம் பார்த்து இடியும் விழுகிறது. பிழைத்து எழும்புகிறான். அன்றிலிருந்து அவன் உடம்புக்குள் போன கரண்ட் வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது.

அவன் தேடுவது அந்த ஒரு வீட்டை. எந்த வீடு என்று அவனுக்குத் தெரியாது. அதனால் ஜெனரேட்டர் சத்தம் கேட்கிற வீடெல்லாம் அவனுக்கு அந்த வீடுதான். சக்தியும் அவன் சொல்கேட்பதில்லை. ஒரு கூரையைக் குறிவைத்துக் கையை நீட்டினால் நாலு கூரை எரிகிறது. சில நாட்களில் ஒரு பல்பைக்கூட எரியவைக்க முடியாமல் கல்லடிப் பழைய பாலத்துக்குக் கீழே சுருண்டு கிடக்கிறான்.

32ஆம் பக்கம் நடப்பது 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை நிறுத்தினார்களே, அந்தக் கிழமையில். அவன் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடுகிறது. அவன் கையைத் தூக்கவேண்டும். அந்தக் கையை என்னால் வரைய முடியவில்லை. பென்சில் தாளுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது.

ஏன் என்று எனக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டுக் கேள்வி கேட்பதில் பயனில்லை. என் அப்பா லைன் வேலை செய்தவர். நிரந்தர உத்தியோகம் இல்லை, ஒரு கொந்தராத்துக்காரரிடம் நாட்கூலி. கரண்டனுக்கு நடந்தது எல்லாம், இடியைத் தவிர, 2006இல் அப்பாவுக்கு நடந்ததுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. கீழே விழுந்ததில் தோள் உடைந்து, இன்றைக்கும் அந்தக் கை காதுக்கு மேலே எழும்பாது. கொந்தராத்துக்காரர் நாலு அப்பிளோடு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிறகு வரவில்லை. ஒரு ரூபாய் நட்டஈடு இல்லை. அப்பா இதைப்பற்றி யாரிடமும் கதைப்பதில்லை. ஒரே ஒருமுறை, இரவில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "கம்பிய நான் பிடிக்கல்ல. கம்பிதான் என்னப் பிடிச்சிற்று."

அப்பாவிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் புத்தகங்கள், பெரும்பாலும் இரும்புக்கை மாயாவி. என்னை மடியில் வைத்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து வாசித்துக் காட்டுவார். மாயாவி கரண்டில் விரலை வைக்கும் இடம் வந்தால் என் கையைப் பொத்திப் பிடித்துக்கொள்வார், நானும் அப்படிச் செய்துவிடுவேன் என்று பயம். அந்த விபத்துக்குப் பிறகு பெட்டியை அவர் திறக்கவே இல்லை. நான்தான் திறந்தேன்.

கரண்டனுக்குத் துணையாக ஸ்பைடர்மேனின் எதிரி எலெக்ட்ரோவைத் தேடிப் படித்தேன். ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்து 1964இல் வந்தவன். அவனும் லைன்மன்தான் என்று தெரிந்ததும் மிகவும் சந்தோசப்பட்டேன். ஆனால் கதையைப் படித்ததும் அந்தச் சந்தோசம் போய்விட்டது. தூணில் கூட்டாளி ஒருவன் சிக்கிக்கிடக்கிறான். காப்பாற்ற 100 டொலர் தந்தால் ஏறுகிறேன் என்கிறான் இவன். ஏறிக் காப்பாற்றியும் விடுகிறான். கம்பி கையில் இருக்கும்போது மின்னல் அடிக்கிறது. அந்த 100 டொலரை எதற்கு வைத்தார்கள் என்று யோசித்தேன். நாம் அவனை வெறுப்பதற்குத்தான். இவன் முதலிலேயே கெட்டவன், மின்னல் அடிக்க முன்பே கெட்டவன் என்று வாசகருக்கு ஆறுதல் சொல்கிற 100 டொலர் அது.

என் கரண்டனுக்கு அப்படி ஒரு 100 டொலரை நான் கொடுக்கமாட்டேன். அவனுடைய கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த வாசலில் அவன் நிற்கும்போது வாசிக்கிறவருக்குக் குலை நடுங்க வேண்டும். எப்படி? இன்னொன்று, சக்தி கட்டுக்கடங்காது என்று சும்மா சொன்னால் போதாது என்று தோன்றுகிறது. எப்போது கூடும், எப்போது குறையும் என்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். கரண்ட் தெரிந்தவர்கள் யாராவது சொல்லித் தாருங்கள்.

பதில்: புளியந்தீவுப் பழைய பெட்டி

பிள்ளை, உன் அப்பாவின் வயதுதான் எனக்கும் இருக்கும். தகரப்பெட்டி என்று வாசித்ததும் நெஞ்சு ஒருமுறை நின்றுபோனது. என்னுடைய பெட்டி 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போனது. பிறகு 1990களில் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன்.

முதலில் மாயாவியைப் பற்றி ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் உன் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. நாமெல்லாம் அவரை நல்லவராகவே தெரிந்து வளர்ந்தோம். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். ஆனால் மூலக்கதை 1962இல் இங்கிலாந்தில் ஒரு வார இதழில் வந்தது. கென் பல்மர் எழுத்து, ஹெஸூஸ் பிளாஸ்கோ ஓவியம். அங்கே மாயாவியின் பெயர் லூயிஸ் கிராண்டல், ஆய்வுகூட உதவியாளன். வலது கையை இழந்தவன், இரும்புக்கை பூட்டியவன். விபத்தொன்றில் பெரிய மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைகிறது, கை மட்டும் தெரிகிறது. மறைந்தவன் முதலில் செய்தது நல்ல காரியம் இல்லை. அவன் திருடினான், ஊரை மிரட்டினான். நிழல் படையில் சேர்ந்து உளவாளியானது எல்லாம் பிறகுதான். அதாவது நாங்கள் மடியில் இருந்து கேட்ட அந்த நாயகன் ஒரு வில்லனாகத்தான் பிறந்தான். வலது கை போனவன், கரண்ட் ஏறியவன், கோபத்தில் கெட்டவன். உன் கரண்டனுக்கு எலெக்ட்ரோவைவிட இவன்தான் நெருங்கிய சொந்தக்காரன்.

பிளாஸ்கோவின் ஓவியத்தில் பயம் எப்படி வருகிறது என்று மறுபடி எடுத்துப் பார். முகம் இல்லை. வெறுங்காற்றில் ஒரு கை மட்டும் வருகிறது, கதவுக் குமிழைத் திருப்புகிறது. நீ கையை வரைய முடியவில்லை என்கிறாய். அவர் கையை மட்டும்தான் வரைந்தார்.

எலெக்ட்ரோவின் 100 டொலர் விஷயத்தில் எனக்கு உன்னோடு முழு உடன்பாடு இல்லை. அந்த இடத்தில் வேறு யாரும் ஏறவில்லை, அவன்தான் ஏறினான். கேட்டது பேராசைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்கு என்ன விலை என்று ஒரு தொழிலாளி கேட்கிற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. உன் அப்பாவுக்கு நாலு அப்பிள் கிடைத்தது. அதோடு சேர்த்து அந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசி.

சக்தி அடங்காமல் போவதைப் பார்க்க வேண்டுமென்றால் 2014இல் வந்த எலெக்ட்ரோ இதழ்களைத் தேடு. அதில் அவனுக்கு யாரையும் தொட முடியாது. அவன்மேல் ஆசை வைத்து நெருங்கி வந்த பெண் அவனாலேயே செத்துப்போகிறாள். அவன் அதை நினைத்துச் செய்யவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது, அவன் வங்கி கொள்ளையடித்தபோது இல்லை. கதை அங்கேயும் நிற்கவில்லை, அவள் மீண்டும் உயிரோடு வந்து 2016இல் அவளே எலெக்ட்ரோ ஆகிறாள். அதே 2014இல் வந்த படத்தில் ஜேமி ஃபாக்ஸ் நடித்த எலெக்ட்ரோ வேறு மாதிரி. மின்விலாங்கு மீன் தொட்டியில் விழுகிறவன், பிறந்தநாளைக்கூட யாரும் நினைவு வைக்காத மனிதன். எனக்கு அந்தப் பிறந்தநாள் பிடித்தது, மற்றது பிடிக்கவில்லை.

ஆகவே கோபத்தை நியாயமாகவே வைத்துக்கொள். அடி மட்டும் பிழையான ஆளுக்கு விழட்டும். அவன் விரும்பாத ஒருவருக்கு விழட்டும்.

பதில்: சம்மாந்துறை வயரிங்

தங்கச்சி, நான் 22 வருடமாக வீட்டு வயரிங் செய்கிறவன். காமிக்ஸ் எனக்குத் தெரியாது. உங்கள் வாப்பா சொன்ன வார்த்தையை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"கம்பிதான் என்னப் பிடிச்சிற்று" என்று அவர் சொன்னது அப்படியே உண்மை. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், செக்கனுக்கு 50 சுற்று. அது கைக்குள் போனதும் தசையெல்லாம் இறுகும். விரலை மடக்குகிற தசை, விரிக்கிற தசையைவிடப் பலமானது. இரண்டும் ஒன்றாக இறுகினால் மடக்குகிறதுதான் வெல்லும். கை மூடிவிடும். மூளை விடு விடு என்று கத்தும், கை விடாது. இதற்குப் பெரிய கரண்ட் தேவையில்லை, 10, 15 மில்லி அம்பியர் போதும். நாங்கள் வீட்டுக்குப் போடுகிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழுகிற மாதிரி இருப்பது உயிர் போக முன் அறுப்பதற்காகத்தான். அதனால்தான் தொழில் பழக்கும்போது முதல் நாளே சொல்லித் தருவோம், சந்தேகமான ஒன்றைத் தொடவேண்டி வந்தால் உள்ளங்கையால் தொடாதே, புறங்கையால் தட்டு. இறுகினாலும் கை விலகும். அதையும் டெஸ்டர் இருக்கும்போது செய்யாதே.

நீங்கள் சக்திக்கு ஒரு ஒழுங்கு கேட்டீர்கள். இதை வைத்துக்கொள்ளுங்களேன். கரண்டனுக்குக் கரண்டை விடத் தெரியாது. பிடித்தால் பிடித்ததுதான், அவன் விட நினைத்தாலும் கை மூடிக்கொள்ளும்.

ஜெனரேட்டர் விஷயம். இது ஊரெல்லாம் நடக்கிறது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஜெனரேட்டரை வீட்டோடு இணைப்பதென்றால் சேன்ஜ் ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அது ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் தானாக அறுந்துவிடும். சிலர் இரண்டு முனையும் ஆண் ப்ளக் வைத்த வயரைச் செய்து ஜெனரேட்டரில் இருந்து சுவர்ப் ப்ளக்கில் குத்திவிடுவார்கள். மெயின் சுவிட்சை ஓஃப் பண்ண மறந்தால் கரண்ட் தெருவுக்குப் போகும். நடுவில் ட்ரான்ஸ்போமர் இருந்தால் அது தலைகீழாக வேலை செய்து, வீட்டுக் கரண்டை மேல் லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். ஜெனரேட்டர் வைத்த மனிதனுக்கு எதுவும் தெரியாது. அவன் வீட்டில் லைட் எரியும், அவ்வளவுதான்.

அதனால்தான் லைனில் ஏறுகிறவர்கள் ஓஃப் என்று சொன்னதை நம்பக்கூடாது என்பது விதி. டெஸ்ட் பண்ண வேண்டும். பிறகு வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் லைனை எர்த் பண்ண வேண்டும். எங்கிருந்து கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும். 2006இல் உங்கள் வாப்பாவுக்கு அந்த எர்த் கம்பியை யார் கொடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. ஜெனரேட்டர் வீட்டுக்காரனைவிட அவன்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

படத்துக்கு ஒன்று. அறுந்த லைன் நிலத்தில் கிடந்தால் அந்த இடத்தைச் சுற்றி மண்ணிலும் கரண்ட் இருக்கும். எட்டி நடந்தால் ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் வோல்ட் வித்தியாசம் வந்து அடிக்கும். காலிரண்டையும் ஒட்டிவைத்து, நிலத்தை விட்டுத் தூக்காமல் அரக்கி அரக்கித்தான் விலக வேண்டும். உங்கள் கரண்டன் தெருவில் வந்தால் சனம் ஓடாது. கால் இரண்டையும் சேர்த்து, மெதுவாக அரக்கி அரக்கிப் போகும். ஓட முடியாத சனத்தை வரையுங்கள்.

பதில்: களுதாவளை

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை வரைவது அப்பாவுக்குத் தெரியுமா?

எங்கள் அண்ணனுக்கு நடந்ததை வைத்து ஒருவர் நாடகம் போட்டார். நல்ல நாடகம் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களிடம் கேட்கவில்லை. அம்மா முன்வரிசையில் இருந்தவர் பாதியில் எழும்பி வெளியே போனார். அதற்குப் பிறகு அவரை எந்த மேடைக்கு முன்னாலும் இருத்த முடியவில்லை.

நீங்கள் வரைவது பிழை என்று சொல்லவில்லை. அவருடைய கோபம் இது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது அவருடையதா, உங்களுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: கல்முனை பௌதிகவியல்

மகள், நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற டீச்சர். கரண்டனை என் வகுப்புக்குக் கொண்டுபோய் ஒரு பாடவேளை முழுக்கக் கதைத்தோம். பிள்ளைகள் மணி அடித்தும் எழும்பவில்லை.

உங்கள் ஆளை பட்டரி என்று நினைக்காதீர்கள், கொள்ளளவி என்று நினையுங்கள். பட்டரி கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். கொள்ளளவி ஏற்றிய மின்னேற்றத்தை வழி கிடைத்த உடனே ஒரேயடியாகக் கொட்டும், எந்தப் பக்கம் என்று பார்க்காது. குறி தவறுவதற்கு அது போதுமான காரணம். மின்னலும் அப்படித்தான். 30,000 அம்பியர் அளவில் பாய்ந்து, போகிற வழியில் காற்றைச் சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு சூடாக்கிவிட்டு ஒரு கணத்தில் முடிந்துபோகும். மேய்ச்சல்தரையில் இடி விழுந்தால் மாடுகள் கூட்டமாகச் சாவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாவற்றிலும் நேரே விழுவதில்லை. முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளியிருப்பதால் மண்ணில் ஓடுகிற மின்சாரம் உடம்பு வழியாகப் போகிறது. வயரிங் தம்பி சொன்ன கால் ஒட்டுகிற விஷயமும் இதுவும் ஒன்றுதான்.

இனி ஒழுங்கு. ஏறிய மின்னேற்றம் ஈரக் காற்றில் விரைவாகக் கசியும், வறண்ட காற்றில் தங்கும். அப்படியென்றால் நம் மாரி மழையில் கரண்டன் நாளுக்கு நாள் இளைப்பான். நீங்கள் பாலத்துக்குக் கீழே சுருண்டு கிடக்க வைத்தது அந்தக் காலம். கச்சான் காற்று வீசி, உதடு வெடிக்கிற மாதங்களில் ஒரு துளியும் கசியாமல் நிரம்பி நிற்பான். ஆனால் அதே மாதங்களில்தான் மட்டக்களப்பு வாவி உப்பாகிறது. மாரியில் ஆற்றுநீர் வந்து நிரம்பி முகத்துவாரம் வெட்டுப்படும்போது வாவி நல்ல தண்ணீராக இருக்கும், கோடையில் உப்பு ஏறும். கடல்நீர் நல்ல நீரைவிட நூறு மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அவன் மிகப் பலமாக இருக்கிற மாதத்தில்தான் வாவி அவனுக்கு மிக ஆபத்து. 1964இல் ஸ்பைடர்மேன் றப்பர்க் கையுறை போட்டு, தீயணைப்புக் குழாயால் தண்ணீர் அடித்து எலெக்ட்ரோவை விழுத்தினானாம், எங்கள் வகுப்புப் பொடியன் ஒருவன் சொன்னான். உங்களுக்குக் குழாய் தேவையில்லை, 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது.

இன்னொரு மாணவி கேட்ட கேள்வியையும் எழுதிவிடுகிறேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்னாரே, ஒரு குரங்கால் எப்படி முழுநாடும் இருளும் என்று கேட்டாள். உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால்தான் 50 சுற்று நிற்கும். ஒரு இடத்தில் சமநிலை உடைந்தால் ஒவ்வொரு நிலையமும் தன்னைக் காப்பாற்றத் தன்னை அறுத்துக்கொள்ளும், ஒன்றன்பின் ஒன்றாக. கரண்டனுக்கு ஊரே இருளாவது அவன் பலத்தால் என்று வரையாதீர்கள். மற்ற எல்லோரும் பயந்து தங்களை அறுத்துக்கொண்டதால் என்று வரையலாம்.

பதில்: திருக்கோவில் பிள்ளை

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். களுதாவளை அக்காவா அண்ணாவா தெரியாது, உங்கள் பதிலை வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். 31 பக்கமும் பையில்.

சனிக்கிழமை பின்னேரம் அப்பா முற்றத்தில் இருந்தார். முன்னால் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். மூன்றாம் பக்கத்தில் நின்று, "பெல்ட் இப்பிடி இல்ல. தூணச் சுத்திப் போய் இந்தப் பக்கம்தான் கொழுவுற" என்று சொல்லி, என் பென்சிலை வாங்கி இடது கையால் கோடு போட்டுக் காட்டினார். கம்பியைப் பிடிக்கிற பக்கத்தை மற்றப் பக்கங்களைவிடக் கனநேரம் பார்க்கவில்லை. கடந்து போனார்.

31ஆம் பக்கம் முடிந்ததும் கேட்டார், "இவனுக்கு எந்த வீடெண்டு தெரியாதா?"

தெரியாது அப்பா, அதுதான் கதை என்றேன்.

"எனக்குத் தெரியும்."

அம்மா குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியால் வந்து இரண்டாம் மாதமே தெரியுமாம். யார் சொன்னது என்று சொல்லவில்லை. எந்த வீடு என்றும் சொல்லமாட்டாராம், நான் கேட்கவும் இல்லை. அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்டைக்கு அங்க செத்த வீடு. மழை, கரண்ட் இல்ல. சவத்த இருட்டில வெச்சிருக்க ஏலுமா? ஆரோ பொடியன் ஜெனரேட்டரக் கொண்டுவந்து கொழுவிக் குடுத்திரிக்கான்."

அந்த வீட்டுக்கு ஒரு நாள் போனாராம். கட்டுப்போட்ட கையோடு. என்ன செய்யப் போனீர்கள் என்று கேட்டேன். "செய்யத்தான் போனன்" என்றார். வாசலில் நின்றாராம். வீட்டுக்காரப் பெண் வெளியே வந்து, கையைப் பார்த்துவிட்டு, ஆர் என்ன என்று கேட்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாராம். வலது கையால் வாங்கப் போய், முடியாமல், இடது கையால் வாங்கியிருக்கிறார். குடித்துவிட்டு வந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் தெரியாது.

வயரிங் அண்ணா கேட்ட எர்த் கம்பியையும் கேட்டேன். அதற்கு மட்டும் அப்பாவின் குரல் மாறியது. "கேட்டனான். ரெண்டு மணித்தியாலம் பிந்தும் எண்டு ஏறச் சொன்னவர்" என்றார். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, அதை நான் கண்ணால் கண்டேன். அதனால் என் கதையில் கரண்டன் போகவேண்டிய இன்னொரு வீடும் இருக்கிறது. அது 40ஆம் பக்கத்துக்குப் பிறகு.

இப்போது 32ஆம் பக்கத்தை வரைகிறேன். சாதாரண தரம் படிக்கிற பிள்ளை அங்கேயே இருக்கிறாள். அவளுடைய அம்மா வாசலுக்கு வருகிறார், கையில் கோப்பையோடு. ஓவியத்தில் முகங்கள் இல்லை, பழைய பெட்டி ஐயா சொன்ன மாதிரி இரண்டு கை மட்டும். ஒன்று நீட்டுகிற கை. மற்றது மூன்று விரல் இல்லாத, பிடித்தால் விட முடியாத கை. அவன் அதை வாங்குகிறானா என்பது 33இல்.

வயரிங் அண்ணாவிடம் ஒரு கேள்வி. பீங்கான் கோப்பையில் கொடுத்தால் அந்த அம்மாவுக்குக் கரண்ட் அடிக்குமா? எவர்சில்வர் டம்ளர் என்றால் அடிக்கும் என்று எனக்கே தெரியும். இதைப் பிழையாக வரைய எனக்கு விருப்பமில்லை.

பதில்: சம்மாந்துறை வயரிங்

தங்கச்சி, வாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

பீங்கான் கடத்தாது. தூணில் கம்பிக்குக் கீழே வெள்ளையாகவோ மண்ணிறமாகவோ இருக்கிற இன்சுலேட்டரும் பீங்கான்தான், வாப்பாவிடம் கேளுங்கள், ஆயிரம் பூட்டியிருப்பார். ஆனால் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் மேலால் ஓடும். தேத்தண்ணி சிந்தியிருந்தாலும் அப்படித்தான். கோப்பையை நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் பிடித்துக் கொடுக்கிற மாதிரி வரையுங்கள்.